ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் அண்ணன் யார்?

(காரியாபட்டியில் ஆசிரியர்கள், பெற்றோர், கல்லூரி மாணவர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் சின்ன வகுப்புப் பிள்ளைகளையும் இணைத்துவிடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'படி' என்று பெயர். கூட்டாளி என்று பொருள். நம் ஊரில் 'படி' என்றால் படிப்பு, ஏணிப்படி, நெல் அளக்கிற படி. இன்னொரு படியும் இருக்கிறது, சாதிப் படி. மேல்படியில் ஒருவன், கீழ்ப்படியில் ஒருவன். நாம் பேசப்போகிற இந்தக் கூட்டாளி ஏற்பாடு எந்தப் படியாக மாறும் என்பதுதான் இன்றைக்கு என் கேள்வி.

ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் பல தொடக்கப் பள்ளிகளில் புதிதாகச் சேரும் குழந்தைக்கு மேல் வகுப்பு மாணவர் ஒருவரைத் துணையாக வைக்கிறார்கள். ஜப்பானில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சாப்பாடு பரிமாறக் கற்றுத் தருவதும், தெருப் பிள்ளைகள் பெரியவர் சிறியவராக வரிசைகட்டிப் பள்ளிக்கு நடப்பதும் வழக்கம். கேட்க இனிமையாக இருக்கிறது. அப்படியே கொண்டுவந்து காரியாபட்டியில் இறக்கிவிடலாமா? இறக்கலாம். ஆனால் இறக்குவதற்கு முன்னால், இங்கே ஏற்கெனவே ஒரு கூட்டாளி ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது எங்கே நடக்கிறது? காலையில் எட்டு மணிக்கு ஆவியூர்ப் பக்கமிருந்தும் முடுக்கன்குளம் பக்கமிருந்தும் கல்குறிச்சிப் பக்கமிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற பேருந்தில் நடக்கிறது. அதன் கடைசி சீட்டில் நடக்கிறது.

நம் கிராமங்களில் ஐந்தாம் வகுப்பு வரை உள்ளூர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. மொத்தமே இருபது முப்பது பிள்ளைகள், ஒன்றிரண்டு ஆசிரியர்கள். டீச்சருக்கு அம்மா பேர் தெரியும், ஆடு எத்தனை என்பதும் தெரியும். ஐந்து முடித்ததும் இலவச பஸ் பாஸ் வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை பெரிய பள்ளிக்கு வருகிறது. பத்து வயது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள். பாடத்துக்கு ஒரு ஆசிரியர். மணி அடித்தால் எந்த அறைக்குப் போவது என்று தெரியாது. கழிப்பறை எங்கே என்று கேட்கக் கூச்சம். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத் தேவை ஒரே ஒரு ஆள்: "வா, நான் காட்டுறேன்" என்று சொல்லுகிற ஆள்.

அந்த ஆளைப் பள்ளி கொடுக்கவில்லை. சாதி கொடுக்கிறது.

பதினொன்றாம் வகுப்பு அண்ணன் ஒருவன் பேருந்திலேயே கேட்டுவிடுகிறான்: "எந்த ஊருடா? எந்தத் தெரு? யார் மகன்?" மூன்று கேள்வியில் சாதி தெரிந்துவிடும். நம்ம ஆள் என்றால் பக்கத்தில் இடம் கிடைக்கும். "எவனாவது ஏதாச்சும் சொன்னா எங்கிட்ட வந்து சொல்லு" என்ற உறுதி கிடைக்கும். அப்புறம் ஒருநாள் கையில் ஒரு கயிறு கட்டப்படும். கயிற்றுக்கு வண்ணம் உண்டு. அந்த வண்ணத்துக்கு ஒரு தலைவர், ஒரு குருபூஜை, ஒரு பாட்டு, வாட்ஸ்அப்பில் வைக்க ஒரு ஸ்டேட்டஸ். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சாதி வெறி என்றால் என்னவென்று தெரியாது. தனக்கு ஒரு அண்ணன் கிடைத்திருக்கிறான் என்பதுதான் தெரியும். அந்த அண்ணன் கட்டியதால்தான் அந்தக் கயிறு அவனுக்கு இனிக்கிறது.

கயிற்றைத் தடைசெய்ய அரசு முயன்றதும் உண்டு. 2019 ஜூலை இறுதியில் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சாதி அடையாளக் கயிறு கட்டும் வழக்கத்தைக் கண்டறிந்து தடுக்கச் சொன்னது. உடனே எதிர்ப்புக் கிளம்பியது. தனக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்று அன்றைய அமைச்சரே சொல்கிற நிலை வந்தது. பிறகு 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு நாங்குநேரியில் என்ன நடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் வேறு ஊர் ரவுடிகள் இல்லை, அவனோடு பள்ளியில் படித்த மாணவர்கள். அவனை ஏவல் வேலை செய்யச் சொல்லித் தொல்லை கொடுத்திருக்கிறார்கள். அதைப் பள்ளியில் சொன்னான் என்பதற்குத்தான் அந்த வெட்டு. அந்த மாணவன் அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான். வெட்டுப்பட்ட கையோடு எடுத்த மதிப்பெண்.

அதன்பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூன் 18 அன்று அறிக்கை முதலமைச்சரிடம் தரப்பட்டது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் நீக்கம், வகுப்பில் அகரவரிசைப்படி இருக்கை, பள்ளி நல அலுவலர், சமூக நீதி மாணவர் படை என்று பல பரிந்துரைகள். எல்லாம் தேவை. எல்லாவற்றையும் ஆதரிக்கிறேன்.

ஆனால் இதைக் கவனியுங்கள். கயிற்றை அறுத்துவிடலாம். அறுத்த மறுநாள் காலை அதே பேருந்தில் அதே கடைசி சீட்டில் அதே அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். கயிறு போன இடத்தில் டாலர் வரும், டாலரைப் பிடுங்கினால் பனியன் வரும், அதையும் தடுத்தால் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வரும். அந்தப் பிள்ளைக்கு வேறொரு அண்ணனை, வேறொரு அக்காவை நாம் கொடுக்கும் வரை இது ஓயாது. பள்ளிக்கூடத்தில் பெரியவரையும் சிறியவரையும் இணைப்பது என்பது இங்கே இனிப்பான ஒரு கல்வி உத்தி மட்டுமில்லை. சாதி முந்திக்கொள்ளும் முன் பள்ளி முந்திக்கொள்வது.

இப்போது கொஞ்சம் வரலாறு. மூத்த மாணவனை வைத்து இளைய மாணவனுக்குக் கற்றுக்கொடுப்பது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். அது இங்கிருந்து ஏற்றுமதியான சரக்கு.

நம் திண்ணைப் பள்ளிகளில் ஒரே வாத்தியார். திண்ணை நிறையப் பல வயதுப் பிள்ளைகள். பாடம் முடித்த மூத்தவன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்காக ஒரு அனாதை இல்லம் தொடங்கப்பட்டது. பெரும்பாலும் இந்தியத் தாய்மார்களுக்குப் பிறந்த பிள்ளைகள். அதன் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பிடித்துச் சின்ன வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அவன் செய்து காட்டினான். ஊர் திரும்பி 1797இல் லண்டனில் இதைப் பற்றிப் பெல் ஒரு சிறுநூல் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏறக்குறைய அதே முறையில் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் கட்டப்பட்ட பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றுதான் பெயர்.

பெருமையாக இருக்கிறது, இல்லையா? பெருமைப்பட்டு முடித்ததும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? திண்ணை என்பது வீட்டின் பகுதி. யாருடைய வீடு, எந்தத் தெரு என்பது சாதியால் முடிவானது. அந்தத் தெருவில் நடக்கவே முடியாத குழந்தைக்குச் சட்டாம்பிள்ளையும் இல்லை, மணலும் இல்லை. பெல் நூல் போட்டு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1894இல்தான், அயோத்திதாசர் வாழ்ந்த அதே சென்னையில் ஆல்காட் 'பஞ்சமர்' இலவசப் பள்ளியைத் தொடங்குகிறார். தமிழ்நாட்டுக் கற்பித்தல் முறை லண்டன் போய்ச் சேர்ந்தபோது, தமிழ்நாட்டின் சேரிக்குப் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது கேள்வி: சட்டாம்பிள்ளை துணையா, அதிகாரியா? இரண்டும்தான். பாடம் சொல்லிக்கொடுப்பான், வாத்தியார் இல்லாதபோது பிரம்பும் எடுப்பான். இன்றைக்கும் வகுப்பில் லீடர் வைக்கிறோம். அவன் வேலை என்ன? பேசுகிறவன் பேரைக் கரும்பலகையில் எழுதுவது. உதவியும் அதிகாரமும் ஒரே ஆள் கையில் கொடுக்கப்படும்போது, உதவி தேய்ந்து அதிகாரம் வளரும். நம் சமூகத்தில் அந்த அதிகாரம் காற்றில் வளராது. சாதி என்ற மண்ணில் வேர்விடும்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் வேண்டுமா? 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் நாவரசுவை மூத்த மாணவன் கொன்றான். அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2019 மே மாதம் மும்பையில் பாயல் தாட்வி என்ற பழங்குடிப் பெண் மருத்துவர் உயிரை மாய்த்துக்கொண்டார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று மூன்று மூத்த மருத்துவர்கள் மீது வழக்குப் போடப்பட்டது. மூத்தவர் என்ற படியும் சாதி என்ற படியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் கீழே இருக்கிறவர் மூச்சுவிட முடியாது.

அப்படியானால் இந்த ஏற்பாடே வேண்டாமா? வேண்டும். ஏன் வேண்டும் என்பதை ஒரே சொல்லில் சொல்கிறேன். அந்தச் சொல் 'அக்கா'.

நம் பக்கத்துக் கிராமங்களில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். இன்றும் பல ஊர்களில் காலனியைச் சேர்ந்த அறுபது வயதுப் பெரியவரை ஊர்த்தெருப் பத்து வயதுப் பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிடும், "வா, போ" என்று பேசும். அந்தப் பெரியவர் அந்தப் பிள்ளையை "சின்னய்யா" என்பார். வயதுக்கு மரியாதை என்று நம் பண்பாட்டைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். அந்த மரியாதை சாதிக் கோட்டைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. அண்ணன், அக்கா, மாமா, சித்தி என்ற உறவுச் சொல்லெல்லாம் ஒரு தெரு முனையோடு தீர்ந்துபோகிறது.

காலனியிலிருந்து வருகிற ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஊர்த்தெருவிலிருந்து வருகிற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று வையுங்கள். அந்தப் பிள்ளை அவளை எப்படிக் கூப்பிடும்? "அக்கா" என்றுதானே கூப்பிட்டாக வேண்டும்! வயதின் வரிசை சாதியின் வரிசையைக் குறுக்கே வெட்டுகிற இடம் அது. அதனால்தான் மூத்தவர் இளையவர் இணைப்பை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஒரே வகுப்பில் பக்கத்தில் உட்காரவைத்தால் இருவரும் சமம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். மேல் வகுப்பு தலித் பிள்ளையை ஆதிக்கச் சாதிக் குழந்தைக்கு அக்காவாக்கினால், அறிவும் அன்பும் அந்தப் பக்கத்திலிருந்தும் வரும் என்பதை அந்தக் குழந்தை உடம்போடு கற்றுக்கொள்கிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் எப்போதும் வாங்குகிறவர்களாகவே நிறுத்தப்படுகிறார்கள். உதவித்தொகை வாங்க வரிசை, சைக்கிள் வாங்க வரிசை. அது உரிமை, வாங்கத்தான் வேண்டும். ஆனால் கொடுக்கிற இடத்தில் எப்போது நின்றார்கள்? எங்கள் தெருவில் நான் நடத்துகிற மாலை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். அவன் அப்பா கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். பையனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். சத்தமாக வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்திக்குத் தினம் ஒரு கதை வாசித்துக்காட்டும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்புக் கதையை வாசிப்பதில் அவனுக்கு வெட்கம் இல்லை, அது பாப்பாவுக்கான கதைதானே. முதல் நாள் ராத்திரியே வீட்டில் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு வருவான். பொங்கல் முடிவதற்குள் செய்தித்தாள் வாசித்தான். நான் சொல்லிக்கொடுத்து வராதது, அந்தப் பாப்பா கேட்டதால் வந்தது.

அரசுப் பள்ளிகளுக்கும் இது புதிதில்லை. செயல்வழிக் கற்றல் நினைவிருக்கிறதா? 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தது. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை ஒரே அறையில், பாயில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்துப் படித்தார்கள். ஆசிரியர் துணையோடு படிக்கும் குழு என்று ஒன்று. சக மாணவர் துணையோடு படிக்கும் குழு என்று இன்னொன்று. இங்கே உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவர்களில் பலர் அந்தப் பாயில் உட்கார்ந்தவர்கள்தான். 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' தொடங்கப்பட்டது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் கலந்து பிரிக்கப்படுகிறார்கள். தெருவின் பெயரும் சாதியின் பெயரும் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு "நான் முல்லை" என்று சொல்ல ஒரு பெயர் கிடைக்கிறது. நல்ல தொடக்கம். நம் ஏற்பாட்டுக்குத் தனிக் கட்டடம் எதுவும் வேண்டாம்; இந்த முற்றத்திலேயே கோலம் போடலாம்.

எப்படிச் செய்வது? ஆசிரியர்கள் முன்னால் இருப்பதால் குறிப்பாகச் சொல்கிறேன்.

முதலாவது, குலுக்கல். யாருக்கு யார் கூட்டாளி என்பதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கோ ஊரின் வசதிக்கோ விடக்கூடாது. "ஒரே ஊர்ப் பிள்ளைகள், சேர்ந்து வருவார்கள், சேர்ந்து போவார்கள்" என்று நல்ல எண்ணத்தில் சொல்வோம். ஒரே ஊர் என்பது கடைசியில் ஒரே தெரு என்று போய் முடியும். பெயரெழுதிச் சீட்டுப் போட்டு, எல்லார் முன்னாலும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, இருவராக வேண்டாம், நால்வராக இணையுங்கள். மூத்தவர் இருவர், இளையவர் இருவர். இதைச் சொல்லக் காரணம் நம் பெற்றோர்களின் பயம். "எங்க பிள்ளையைக் கொண்டுபோய் அந்தப் பையன் கையில விடச் சொல்றீங்களா?" என்று காலனித் தாய் ஒருவர் கேட்டால், நாங்குநேரிக்குப் பிறகு அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் அருகதை இல்லை. எந்தக் குழந்தையும் ஒரு மூத்த மாணவரோடு தனியாக விடப்படக் கூடாது. சந்திப்பு திறந்த இடத்தில், வேப்பமரத்தடியில், ஆசிரியர் கண்ணெதிரே நடக்கட்டும்.

மூன்றாவது, மூத்தவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. பேர் எழுதுவது, தண்டிப்பது, மதிப்பெண் போடுவது எதுவும் கூடாது. முக்கியமாக ஏவல் கூடாது. "தம்பி, அந்தத் தண்ணி பாட்டிலை எடுத்துட்டு வா" என்பதில்தான் எல்லாம் தொடங்கும். நம் ஊரில் ஏவல் என்ற சொல்லுக்கு வயது அதிகம். யார் ஏவினார்கள், யார் ஓடினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் பிடிக்கப் போனால் நால்வரும் போகட்டும். வகுப்பைப் பெருக்க வேண்டும் என்றால் நால்வரும் பெருக்கட்டும். கழிப்பறை கழுவுவது எந்தப் பிள்ளையின் வேலையும் இல்லை.

நான்காவது, சேர்ந்து சாப்பிடுவது. மதிய உணவு நேரத்தில் வாரம் ஒருநாளாவது நால்வரும் ஒன்றாக உட்காரட்டும். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில், தலித் பெண் சமைக்கிறார் என்பதற்காகப் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்தார்கள். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் அது செய்தியிலிருந்து இறங்கியது. இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை அந்த ஊர். விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளியில் மதிய உணவைக் கொண்டுவந்தார். பசிக்காகக் கொண்டுவந்த பந்தி, சாதி உடைகிற பந்தியாகவும் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, கால அளவு. வாரம் ஒரு பாடவேளை, அட்டவணையில் எழுதப்பட்ட பாடவேளை. பருவம் முடிந்ததும் மறுபடி குலுக்கல். நிரந்தரமாக ஒரே ஜோடி என்றால் மறுபடியும் ஒரு கும்பல்தான் உருவாகும். ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு முடிப்பதற்குள் பத்துப் பதினைந்து அண்ணன் அக்காக்களைப் பார்த்திருக்க வேண்டும். அத்தனை தெருக்களுக்குள் அதன் மனசு போய்வந்திருக்க வேண்டும்.

ஆறாவது, புகார் சொல்ல வழி. "இந்தக் கூட்டாளி வேண்டாம்" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் உரிமை வேண்டும். காரணம் சாதி வெறுப்பு என்றால் அதை ஆசிரியர் பேசித் தீர்க்க வேண்டும், மாற்றிக்கொடுத்துத் தப்பிக்கக் கூடாது. காரணம் துன்புறுத்தல் என்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும், அதோடு நடவடிக்கையும் எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் வேறுபடுத்தித் தெரிந்துகொள்வதுதான் ஆசிரியரின் வேலை. புகார் சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது. நாங்குநேரி அதைத்தானே நமக்குக் கற்றுக்கொடுத்தது?

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று. அண்ணன் என்ற சொல்லை நான் இவ்வளவு நேரம் புகழ்ந்துவிட்டேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு கத்தியும் இருக்கிறது. சாதி தன் பெண்களைக் காவல் காக்க அண்ணன் தம்பிகளைத்தான் நியமிக்கிறது. "எங்க ஊருப் பொண்ணுகூட என்ன பேச்சு?" என்று பேருந்து நிறுத்தத்தில் கேட்கிறவன் யார்? 2015இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார், வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்ததற்காக. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதானவர் அவர் நேசித்த பெண்ணின் தம்பி. ஆகவே நம் கூட்டாளி ஏற்பாட்டில் அண்ணன் காவல்காரன் ஆகக்கூடாது. மாணவிகளின் குழுக்கள் தனியாகவும் இருக்கட்டும், கலந்தும் இருக்கட்டும். எதுவானாலும் அவள் யாரோடு பேசுகிறாள் என்று கண்காணிப்பது யாருடைய பொறுப்பும் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மாதவிடாய்த் துணி எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்பது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பத்தாம் வகுப்பு அக்கா இருந்தாலே எத்தனையோ பிள்ளைகள் அந்த வயதில் பள்ளியை விட்டு நிற்க மாட்டார்கள்.

எதிர்ப்பு வரும். "எங்க பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பிள்ளையா?" என்று யாராவது பள்ளி வாசலுக்கு வருவார்கள். அப்போது தலைமையாசிரியர் தனியாக நிற்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர்கள் இருக்கிறார்கள், முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள். குலுக்கல் நடக்கிற அன்றைக்கே அவர்களையும் கூட்டி வையுங்கள். "சீட்டுல வந்தது" என்பதைவிட வலுவான பதில் கிராமத்தில் கிடையாது. ஏலச்சீட்டுப் போடுகிற ஊருக்கு அது புரியும்.

வேலைப்பளு என்று ஆசிரியர்கள் சொல்வீர்கள். பதிவேடு, செல்போன் செயலி, கணக்கெடுப்பு என்று உங்களைப் பிழிகிறார்கள், தெரியும். ஆனால் ஒரு அடிதடி நடந்து, காவல் நிலையம், பெற்றோர் கூட்டம், விசாரணை என்று அலைகிற வாரங்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு பாடவேளை அதிகமில்லை.

இதனால் சாதி ஒழிந்துவிடுமா என்று இளைய தோழர்கள் கேட்பீர்கள். ஒழியாது. நிலம் யாரிடம் இருக்கிறது, கூலியை யார் முடிவு செய்கிறார்கள், யார் யாரைக் கல்யாணம் கட்டலாம் என்பதில் சாதி உயிரோடு இருக்கிறது. குண்டாற்று மணலும் கண்மாய் மடையும் யார் கையில் என்பதில் இருக்கிறது. வேப்பமரத்தடியில் நாலு பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தால் அது எல்லாம் மாறாது. ஆனால் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் பேசியதை நினைத்துப் பாருங்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நிற்காது என்றார். சகோதரத்துவம் இல்லையென்றால் மற்ற இரண்டும் மேல்பூச்சாகவே போகும் என்று எச்சரித்தார். சுதந்திரத்துக்குச் சட்டம் எழுதினோம். சமத்துவத்துக்கு இடஒதுக்கீடு வாங்கினோம், இன்னும் போராடிக்கொண்டிருக்கிறோம். சகோதரத்துவத்துக்கு என்ன ஏற்பாடு செய்தோம்? அதை மனமாற்றம், நல்லெண்ணம் என்று காற்றில் விட்டுவிட்டோம். சாதி அப்படி விடவில்லை. அது ஒவ்வொரு ஜூன் மாதமும் பேருந்தின் கடைசி சீட்டில் தன் சகோதரத்துவத்துக்கு ஆள் சேர்க்கிறது.

கல்லூரி படிக்கிற தம்பி தங்கைகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்த பள்ளிக்குப் போங்கள். வருகிற ஜூனில் ஆறாம் வகுப்பில் சேரப்போகும் பிள்ளைகள் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். குலுக்கலுக்குச் சீட்டெழுத உட்காருங்கள். பள்ளி திறக்கிற அன்றைக்குக் காலையில் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் நில்லுங்கள். இறங்குகிற பிள்ளையிடம் எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்காதீர்கள். பேரை மட்டும் கேளுங்கள். "வா, நான் காட்டுறேன்" என்று சொல்லுங்கள்.

ஜெய் பீம்.